திரும்பி வராத மொய்

1901-ஆம் ஆண்டு. மகாராஷ்டிரத்தில் மசூர் என்ற சிறிய ரயில் நிலையம். சதாராவிலிருந்து வந்திறங்கிய சிறுவர்கள் சிலர், அப்பா ஆள் அனுப்புவார் என்று காத்திருக்கிறார்கள். நல்ல உடை, தலையில் தொப்பி, கையில் கட்டுச்சோறு. நேரம் போகிறது, ஆள் வரவில்லை. பரிவோடு வந்து விசாரித்த நிலைய அதிகாரி, பிள்ளைகள் மகர் சாதி என்று தெரிந்ததும் முகம் மாறி விலகிப் போகிறார். மாட்டு வண்டிக்காரர்கள் ஏற்ற மறுக்கிறார்கள். கடைசியில் ஒருவர் சம்மதிக்கிறார். இரட்டிப்புக் கூலி தர வேண்டும், வண்டியைப் பிள்ளைகளே ஓட்ட வேண்டும், தான் கூட நடந்து வருவேன் என்பது அவர் நிபந்தனை. வழியெல்லாம் கட்டுச்சோறு கையில் இருந்தது. ஆனால் சாப்பிட்டுக் குடிக்கத் தண்ணீர் கொடுக்க ஒருவரும் இல்லை. சோற்றை வைத்துக்கொண்டே பிள்ளைகள் பசியோடு உறங்கினார்கள்.

அந்தச் சிறுவர்களில் ஒருவர் பீமராவ் அம்பேத்கர். பிற்காலத்தில் அவரே எழுதி வைத்த நினைவு இது.

விருந்தோம்பல் என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கட்டுச்சோறுதான் நினைவுக்கு வரும். வந்தவரை வரவேற்பது தமிழர் பண்பு என்று மேடைதோறும் பேசுகிறோம். வந்தவர் யார் என்று கேட்ட பிறகு வரவேற்பதா, கேட்காமலே வரவேற்பதா என்பதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. கேட்காமலே வரவேற்ற ஓர் ஊரைப் பற்றி இந்த முறை எழுதுகிறேன். அது பூமியின் மறுபக்கத்தில், மெக்சிகோவில் இருக்கிறது. அங்கே வாழ்பவர்கள் பழங்குடி மக்கள்.

நடந்தே வந்த கூட்டம்

மத்திய அமெரிக்காவில் ஹோண்டுராஸ் என்றொரு சிறிய நாடு. 2018 அக்டோபர் 12 அன்று அந்நாட்டின் சான் பெத்ரோ சூலா நகரிலிருந்து சில நூறு பேர் வடக்கு நோக்கி நடக்கத் தொடங்கினார்கள். போகப்போகக் கூட்டம் பெருகி ஆயிரக்கணக்கில் ஆனது. கைக்குழந்தையோடு தாய்மார், தள்ளுவண்டியில் பிள்ளைகளை வைத்துத் தள்ளிய தகப்பன்மார், செருப்பு தேய்ந்துபோன இளைஞர்கள். அமெரிக்க எல்லையை அடைந்து அடைக்கலம் கேட்பதுதான் நோக்கம். செய்தித்தாள்கள் இந்தக் கூட்டத்துக்குக் 'கேரவன்' என்று பெயர் வைத்தன.

ஊரை விட்டு ஏன் கிளம்பினார்கள்? வேலை இல்லை. மழை பொய்த்து விளைச்சல் இல்லை. சின்னப் பெட்டிக்கடை வைத்தாலும் ரவுடிக் கும்பலுக்கு மாமூல் கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் உயிர் இருக்காது. நிலத்துக்காகவும் ஆற்றுக்காகவும் பேசியவர்களுக்கும் அதே கதி. லென்கா பழங்குடித் தலைவர் பெர்த்தா கசேரஸ், தம் மக்களின் ஆற்றில் அணை கட்டுவதை எதிர்த்ததற்காக 2016 மார்ச் மாதம் தம் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அப்படிப்பட்ட நாடு அது.

ஏன் கூட்டமாக நடந்தார்கள்? தனியாகப் போனால் வழியில் கடத்துகிறார்கள். ஆள் கடத்தும் தரகருக்குக் கொடுக்க ஆயிரக்கணக்கான டாலர் இவர்களிடம் இல்லை. 2010 ஆகஸ்டில் மெக்சிகோவின் வட எல்லையை ஒட்டிய சான் பெர்னாந்தோ என்ற இடத்தில், வழிப்போக்கர்களாக வந்த 72 பேரைப் போதைக் கும்பல் ஒன்று சுட்டுக் கொன்றது. அந்தச் சாலையில் நடப்பவர்கள் யாரும் அதை மறக்கவில்லை. கூட்டமாகப் போவது ஒன்றே இவர்களுக்கு இருந்த பாதுகாப்பு.

இவர்களை அரசுகள் எப்படி வரவேற்றன? அக்டோபர் 26 அன்று மெக்சிகோ அதிபர் ஒரு திட்டம் அறிவித்தார். சியாபஸ், வஹாக்கா என்ற தென்மாநிலங்கள் இரண்டிலேயே தங்கிவிட்டால் தற்காலிக வேலை அனுமதியும் மருத்துவமும் கிடைக்கும் என்றார். திட்டத்தின் பெயர் 'இது உங்கள் வீடு'. மறுநாள் காலையில் அந்த இரண்டு மாநிலங்களுக்கும் இடைப்பட்ட சாலையில் கூட்டாட்சிப் போலீசார் கேடயங்களோடு வரிசையாக நின்று வழியை மறித்தார்கள். அக்டோபர் 29 அன்று அமெரிக்கா, இந்தக் கூட்டத்தைத் தடுக்கத் தன் எல்லைக்கு 5,200 ராணுவ வீரர்களை அனுப்பப்போவதாகச் சொன்னது.

அதற்கு அடுத்த நாள், அக்டோபர் 30 அன்று, நடந்து வந்த மக்கள் ஹுச்சித்தான் நகரை அடைந்தார்கள். ஹோண்டுராஸில் கிளம்பி 18 நாள் ஆகியிருந்தது. அப்போது கூட்டத்தில் சுமார் 4,000 பேர் இருந்தார்கள்.

இடிந்து கிடந்த ஊர்

ஹுச்சித்தான், வஹாக்கா மாநிலத்தின் தெஹுவாந்தெபெக் நிலச்சந்தியில் இருக்கிறது. இரண்டு பெருங்கடல்களுக்கு நடுவே மெக்சிகோ இடுப்பு ஒடுங்கி நிற்கும் இடம் அது. ஏறத்தாழ ஒரு லட்சம் மக்கள். பெரும்பாலோர் சாப்பொத்தெக் என்ற பழங்குடியினர். தங்களை 'பின்னிசா' என்று சொல்லிக்கொள்கிறார்கள். மேகத்தின் மக்கள் என்று பொருள். சந்தையிலும் தெருவிலும் தங்கள் தாய்மொழியையே பேசும் மக்கள். சந்தை முழுக்கப் பெண்கள் கையில். 1858-இல் மெக்சிகோவின் அதிபரான பெனித்தோ ஹுவாரெசும் சாப்பொத்தெக் இனத்தவர்தான், வஹாக்காவின் மலைக்கிராமம் ஒன்றில் பிறந்தவர்.

சாதியைக் குறிக்க ஆங்கிலத்தில் 'காஸ்ட்' என்கிறோம். அது போர்த்துக்கீசிய, ஸ்பானிய மொழிகளின் 'காஸ்தா'விலிருந்து வந்த சொல். 300 ஆண்டுகள் மெக்சிகோவை ஆண்ட ஸ்பானியர்கள், பிறப்பை வைத்து மக்களைக் காஸ்தாக்களாகப் பிரித்து மேல் கீழ் வகுத்தார்கள். ஸ்பானியருக்குப் பிறந்தவர் உச்சியில், பழங்குடியினரும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கரும் அடியில். இன்றும் மெக்சிகோவில் ஒருவரை இழிவாகத் திட்ட 'இந்தியோ' என்கிறார்கள். கொலம்பஸ் வழி தவறிப் போய் இறங்கி, அதுதான் இந்தியா என்று நினைத்ததன் விளைவு. நம் நாட்டின் பெயர் அங்கே வசைச்சொல்லாகக் கிடக்கிறது.

இந்த ஊர் அடங்கிக் கிடந்த ஊரும் அல்ல. 1970-களில் தொழிலாளர், விவசாயிகள், மாணவர்கள் சேர்ந்து இங்கே ஓர் இயக்கம் தொடங்கினார்கள். பிடுங்கப்பட்ட பொதுநிலத்தை மீட்கப் போராடினார்கள். நாட்டையே ஒரு கட்சி ஆண்ட காலத்தில், 1981-இல் அந்த இயக்கம் நகராட்சித் தேர்தலில் வென்றது. இரண்டே ஆண்டில் அந்த நகராட்சியை அரசு கலைத்தது. ஆனால் மக்கள் கூடிச் செய்யும் பழக்கத்தைக் கலைக்க முடியவில்லை.

2017 செப்டம்பர் 7 நள்ளிரவுக்குச் சற்று முன் 8.2 அளவில் நிலநடுக்கம் வந்தது. மிக மோசமாக அடிவாங்கிய ஊர் ஹுச்சித்தான். நகராட்சி மாளிகையின் ஒரு பகுதி சரிந்து விழுந்தது. ஆயிரக்கணக்கான வீடுகள் இடிந்தன. சந்தைக் கட்டடம் போய், வியாபாரப் பெண்கள் பூங்காவில் கடை விரித்தார்கள்.

வீடுகளோடு அடுப்புகளும் உடைந்தன. அந்த வட்டாரத்துப் பெண்கள் மண்பானை அடுப்பின் உட்சுவரில் மக்காச்சோள அடையை ஒட்டிச் சுடுவார்கள். 'தோத்தோப்போ' என்று பெயர். மொறுமொறுவென்று பல நாள் கெடாமல் இருக்கும். அந்த மண்ணின் கட்டுச்சோறு என்று சொல்லலாம். அதைச் சுட்டு விற்றே குடும்பம் நடத்தும் பெண்கள் ஏராளம். அடுப்பு உடைந்தபோது பிழைப்பும் உடைந்தது. அந்த ஊரில் பிறந்த புகழ்பெற்ற ஓவியர் பிரான்சிஸ்கோ தொலேதோ, இடிபாடுகளுக்கு நடுவே தெருக்கள்தோறும் பொதுச் சமையலறைகள் அமைக்க உதவினார். அக்கம்பக்கத்துப் பெண்கள் சேர்ந்து பொங்கி எல்லாருக்கும் பரிமாறினார்கள்.

நிலநடுக்கம் நடந்து ஓராண்டு ஆன பிறகும் பல குடும்பங்கள் வீட்டைக் கட்டி முடித்திருக்கவில்லை. அந்த நிலையில் இருந்த ஊருக்குத்தான் 4,000 பேர் வந்து சேர்ந்தார்கள்.

படையல் நாளில் வந்தவர்கள்

வந்த நாள் ஒரு விசேஷ நாள். நவம்பர் முதல் இரண்டு நாள்களில் மெக்சிகோ முழுக்க இறந்தோரை நினைத்துப் படையல் இடுவார்கள். ஹுச்சித்தானில் அது அக்டோபர் 30, 31 ஆகிய நாள்களிலேயே நடக்கும். சாப்பொத்தெக் மொழியில் 'ஷாந்து' என்பார்கள். வீட்டில் பழங்களும் ரொட்டியும் வைத்து, நம் ஊரில் செண்டுமல்லி என்று சொல்லும் அதே மஞ்சள் பூவால் அலங்கரிப்பார்கள். செண்டுமல்லிக்குச் சொந்த ஊரே மெக்சிகோதான். நம் அடுப்படியில் இருக்கும் மிளகாயும் மக்காச்சோளமும்கூட அந்தப் பக்கத்திலிருந்து வந்தவைதான். படையல் இட்ட வீட்டுக்கு யார் வந்தாலும் உட்கார வைத்து ரொட்டியும் சூடான பானமும் கொடுப்பது அங்கே வழக்கம்.

முந்தைய ஆண்டு நிலநடுக்கத்தில் இறந்தவர்களுக்குப் பல வீடுகளில் படையல் நடந்துகொண்டிருந்த நேரத்தில் நடைக்கூட்டம் ஊருக்குள் வந்தது. நகரின் ஓரத்தில் திறந்த வெளியில் தங்க இடம் கொடுத்தார்கள். உள்ளூர் மக்களும் தொண்டர்களும் நகராட்சியும் உணவு, தண்ணீர், உடை, மருந்து கொண்டு வந்தார்கள். கால் கொப்புளத்துக்குக் கட்டுப் போட்டார்கள். இரண்டு இரவு தங்கி, ஒரு முழு நாள் ஓய்வெடுத்துக்கொண்டு, நவம்பர் 1 அன்று கூட்டம் அங்கிருந்து கிளம்பியது. இதற்கிடையே குவாத்தமாலா நாட்டுப் பெண் ஒருவருக்கு ஹுச்சித்தான் மருத்துவமனையில் பெண் குழந்தை பிறந்தது. இறந்தோரை வழிபடும் நாளில் நாடற்று நடந்தவர்களுக்கு ஒரு பிள்ளை.

ஹுச்சித்தான் மட்டும் இப்படிச் செய்யவில்லை. அதற்கு முன் தங்கிய தபானதெபெக், நில்தெபெக் ஆகிய சிறிய ஊர்களிலும் சோறும் தண்ணீரும் கிடைத்தன. அங்கும் நிலநடுக்கத்தின் காயம் ஆறியிருக்கவில்லை. வஹாக்காவும் சியாபசும் மெக்சிகோவின் மிக ஏழை மாநிலங்கள். அந்த நாட்டுப் பழங்குடியினர் மிக அதிகமாக வாழும் மாநிலங்களும் அவைதான்.

நோட்டில் எழுதும் கடன்

இல்லாதவர்கள் எப்படிக் கொடுத்தார்கள்? நல்ல மனசு என்று மட்டும் சொல்லிக் கடந்துபோக எனக்கு விருப்பமில்லை. நல்ல மனசு எல்லா ஊரிலும் இருக்கிறது. அதைச் செயலாக மாற்றும் பழக்கம் வேண்டும். அங்கே அந்தப் பழக்கம் இருக்கிறது.

வஹாக்காவின் சாப்பொத்தெக் கிராமங்களில் 'கெலகெத்சா' என்ற வழக்கம் உண்டு. ஒரு வீட்டில் கல்யாணம் என்றால் மற்றவர்கள் மக்காச்சோளம், வான்கோழி, கோகோ, உழைப்பு என்று கொண்டு வந்து கொடுப்பார்கள். யார் எவ்வளவு கொடுத்தார் என்று நோட்டில் எழுதி வைப்பார்கள். அவர் வீட்டில் விசேஷம் வரும்போது அதே அளவு திருப்பிச் செய்ய வேண்டும். நமக்கு இதை விளக்கவே வேண்டாம். இது மொய்.

'தெக்கியோ' என்று இன்னொரு வழக்கம். சாலை போட, பள்ளிக்கூடம் கட்ட, கால்வாய் தூர்வார, வீட்டுக்கு ஒருவர் கூலி இல்லாமல் வந்து உழைக்க வேண்டும். ஊர் வேலை என்றதும் நம் கிராமங்களில் என்ன நினைவுக்கு வரும்? சாவுச் செய்தி சொல்லப் போவது, பறை அடிப்பது, குழி வெட்டுவது, செத்த மாட்டைத் தூக்குவது. ஊருக்கு உழைப்பது என்பதை ஒரு சாதியின் தலையில் கட்டிவிட்டு, மற்றவர்கள் அதை ஊர் வழக்கம் என்றார்கள். தெக்கியோவில் முறை எல்லா வீட்டுக்கும் வரும். இந்த வேறுபாடுதான் முக்கியம். எல்லாருக்கும் முறை வரும் இடத்தில் ஊர் வேலை மரியாதையாகிறது. ஒரு சாராருக்கு மட்டும் வரும் இடத்தில் அது அடிமைத்தனம்.

மொய் என்பது சொந்தபந்தத்துக்குள், பெரும்பாலும் சாதிக்குள், சுற்றி வரும் பணம். இன்று கொடுத்தால் நாளை வரும். ஆனால் ஹோண்டுராஸிலிருந்து வந்தவர் திரும்ப அந்த ஊருக்கு வரப்போவதில்லை. அவர் வீட்டு விசேஷத்துக்கு யாரும் அழைக்கப்போவதும் இல்லை. எந்த நோட்டிலும் எழுத முடியாத, திரும்பி வராத மொய் அது. இருந்தும் கொடுத்தார்கள்.

ஒரு வகையில் அது திரும்பி வரும் மொய்தான் என்றும் தோன்றுகிறது. வஹாக்காவின் பழங்குடியினரே பெரும் எண்ணிக்கையில் பிழைப்புத் தேடி வடக்கே போனவர்கள். லாஸ் ஏஞ்சலஸ் நகரில் சாப்பொத்தெக் பேசும் பெரிய சமூகமே இருக்கிறது. கலிபோர்னியாவின் தோட்டங்களில் வஹாக்கா மக்கள் பழம் பறிக்கிறார்கள். பல வீடுகளில் மகனோ மருமகனோ அதே எல்லையைக் கடந்தவர். வழியில் தண்ணீர் கொடுத்தது யார், கதவைச் சாத்தியது யார் என்று அந்த வீடுகளுக்குத் தெரியும். வாசலில் வந்து நிற்பவரிடம் தங்கள் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பது அவர்களுக்குக் கடினமாக இருந்திருக்காது.

அந்தச் சாலையில் நம் நாட்டவரும் போயிருக்கிறார்கள். 2019 அக்டோபரில் மெக்சிகோ 311 இந்தியர்களைத் தனி விமானத்தில் தில்லிக்குத் திருப்பி அனுப்பியது. அவர்கள் பிடிபட்ட மாநிலங்களில் வஹாக்காவும் ஒன்று.

கசப்பும் உண்டு

பழங்குடி மக்கள் எல்லாரும் தெய்வப் பிறவிகள் என்று எழுதுவது எனக்குப் பிடிக்காது. ஒடுக்கப்பட்டவரைத் தெய்வமாக்குவதும் அவரை மனிதராகப் பார்க்காமல் இருப்பதற்கு ஒரு வழிதான்.

ஹுச்சித்தானுக்கு அருகில் இஸ்தெபெக் என்ற ரயில் சந்திப்பு ஊர். சரக்கு ரயிலின் கூரையில் ஏறி வரும் வழிப்போக்கர்களுக்காக 2007-இல் அலெஹாந்த்ரோ சொலாலிந்தே என்ற பாதிரியார் அங்கே ஒரு தங்குமிடம் தொடங்கினார். 'வழியில் வரும் சகோதரர்கள்' என்பது அதன் பெயர். அடுத்த ஆண்டே, வழிப்போக்கர் ஒருவர் மீது எழுந்த பாலியல் குற்றச்சாட்டைக் காட்டி, உள்ளூர்க் கூட்டம் ஒன்று தங்குமிடத்துக்குள் நுழைந்து, மூடாவிட்டால் எரித்துவிடுவோம் என்று மிரட்டியது. ஒருவர் மீதான குற்றச்சாட்டுக்காகச் சமூகத்தையே எரிக்கக் கிளம்பும் கூட்டத்தை நமக்கும் தெரியும். நம் சேரிகள் எரிந்ததும் இப்படித்தான். பாதிரியார் மூடவில்லை. தங்குமிடம் நிலைத்தது.

2022-இல் அரசு தபானதெபெக்கில் ஒரு முகாம் போட்டு, பயண அனுமதிச் சீட்டு அங்கேதான் தரப்படும் என்றது. சிறிய ஊரில் ஒரே நேரத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் வெனிசுவேலா நாட்டவர், காத்துக் கிடந்தார்கள். அறை வாடகை ஏறியது. சோறு விலைக்கு வந்தது. சிலர் நன்றாகச் சம்பாதித்தார்கள், சிலர் முணுமுணுத்தார்கள். இரண்டு நாள் விருந்தோம்பல் வேறு, அரசு செய்ய வேண்டிய வேலையை ஆண்டுக்கணக்கில் ஓர் ஏழை ஊரின் தோளில் இறக்கி வைப்பது வேறு. ஏழைகளின் கருணையைப் பாராட்டிவிட்டுத் தன் பொறுப்பிலிருந்து நழுவும் அரசுகளை நாம் நன்றாகவே அறிவோம்.

நம் வாசலில்

ஹுச்சித்தானில் அந்நியர்களுக்குச் சோறு போட்ட அதே 2018-இல், ஜூலை மாதம், திருப்பூர் மாவட்டம் அவிநாசி அருகே ஓர் அரசுப் பள்ளியில் சத்துணவு சமைக்க வந்த தலித் பெண்ணை எதிர்த்து ஆதிக்கச் சாதிப் பெற்றோர்கள் திரண்டார்கள். அவர் கையால் சமைத்ததைத் தங்கள் பிள்ளைகள் சாப்பிடக் கூடாது என்றார்கள். வெளியூர்க்காரர் இல்லை. விருந்தோம்பல் என்றால் நாம் யாருக்குச் சோறு போடுகிறோம் என்பது மட்டும் கேள்வியல்ல. யார் கையால் வாங்கிச் சாப்பிடுகிறோம் என்பதும் கேள்விதான். இரட்டைக் குவளை வைத்திருந்த டீக்கடையிலும் தலித்துக்கு டீ கொடுத்தார்கள். அதற்குப் பெயர் உபசரிப்பு இல்லை.

இந்தக் கேள்வி ஆதிக்கச் சாதியினருக்கு மட்டும் என்று நாம் ஒதுங்கிக்கொள்ளவும் முடியாது. ஜார்க்கண்ட், ஒடிசா, பீகார் என்று தொலைவிலிருந்து வந்த தொழிலாளர்கள் இன்று நம் செங்கல் சூளையில், கோழிப்பண்ணையில், பனியன் கம்பெனியில், ஓட்டல் சமையல்கட்டில் இருக்கிறார்கள். அவர்களில் தலித்துகள் பலர், பழங்குடியினர் பலர். 2020 மார்ச்சில் ஊரடங்கு அறிவித்த நாளிலிருந்து இந்தியச் சாலைகளில் மூட்டை முடிச்சோடு நடந்தவர்கள் இவர்கள்தான். நம் ஊர் இளைஞர்கள், நம் சேரி இளைஞர்களும்தான், அவர்களை 'வடக்கன்' என்று ஒரே சொல்லில் அடைக்கிறோம். பெயரைக் கேட்பதில்லை. 'இந்தியோ' என்ற சொல்லுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அவர்கள் வந்ததால் கூலி குறைந்தது என்று கோபப்படுகிறவர், குறைந்த கூலியை நிர்ணயித்த முதலாளியிடம் அந்தக் கோபத்தைக் காட்டுவதில்லை.

நம் தாத்தாக்களும் நடந்தவர்கள்தான். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கும் மலேயா ரப்பர் தோட்டத்துக்கும் போன கூலிகளில் பெரும்பகுதி ஒடுக்கப்பட்ட சாதியினர். இலங்கைக்குப் போனவர்கள் கடல் கடந்த பிறகும் காட்டு வழியே நடந்து, காலராவிலும் பட்டினியிலும் வழியிலேயே ஏராளமாக மடிந்தார்கள். இன்றும் கரும்பு வெட்டவும் சூளைக்கும் குடும்பத்தோடு கிளம்பிப் போகிறவர்கள் நம்மவர்கள்தான். வழிப்போக்கர் என்பது நமக்கு வேறு யாரோ அல்ல.

படிக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. உங்கள் ஊர்ச் சூளையில் வேலை செய்யும் ஜார்க்கண்ட் குடும்பத்தில் உங்கள் வயதுப் பிள்ளை ஒன்று இருக்கும். அதன் பெயர் என்ன, பள்ளிக்கூடம் போகிறதா என்று போய்க் கேளுங்கள். போகவில்லை என்றால் உங்கள் ஆசிரியரிடம் சொல்லுங்கள். எந்த ஊர்ப் பிள்ளையாக இருந்தாலும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. அவர்கள் தண்ணீர் கேட்டால் உங்கள் வீட்டில் நீங்கள் குடிக்கும் சொம்பிலேயே கொடுங்கள். மசூரில் அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைக்காமல் போனது அதுதான்.